கேட்டவுடன் திருப்பித் தரத்தக்கது

வெள்ளிமலை
27.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று, வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு வருமான வரித் துறையிலிருந்து ஸ்பீடு போஸ்டில் என் பெயருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. தபால்காரர் கடைக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். மூன்று பக்கம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான ஆண்டுக்கு நான் தாக்கல் செய்த கணக்கை ஆய்வுக்கு எடுத்திருக்கிறார்களாம். காரணம் ஒரே வரியில் இருக்கிறது: பெரிய தொகை விவசாய வருமானம். தொகை 34,20,000 ரூபாய்.

நான் தையல் கடை வைத்திருப்பவள். உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்து இந்த மாதம் பதினோராயிரம் வந்தது. மணலூர்பேட்டையில் என் பெயரில் ஏழு ஏக்கர் இருப்பது தெரியும். அது இவ்வளவு விளைந்தது நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்தது.

போனில் எதுவும் பேசக் கூடாது என்று நீங்கள் போன வருடமே சொன்னதால் எழுதுகிறேன். நோட்டீஸின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். இங்கே நானும் சுபஸ்ரீயும் சுகம். அவள் பதினொன்றாம் வகுப்பு போகிறாள். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? அண்ணியையும் சந்தோஷையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கை
கோகிலவாணி

*

சின்னசேலம்
3.7.2025

அன்புத் தங்கை வாணிக்கு அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. எல்லாரும் சுகம். சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. உன் அண்ணி சாப்பாட்டில் கை வைத்துவிட்டாள்.

நோட்டீஸைக் கண்டு பயப்படாதே. ஆடிட்டரிடம் காட்டினேன், சிரித்தார். போன் வேண்டாம் என்றது அவர்தான். அவருடைய இன்னொரு கட்சிக்காரர் போனை அதிகாரிகள் எடுத்துக்கொண்டுபோய் ஒரு வருடத்துப் பேச்சையெல்லாம் படித்துவிட்டார்களாம்.

ஒரு தடவை விளக்கமாக எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போடு. நம் மண்டியில் பில் போடாமல் விற்கிற மக்காச்சோளத்தின் பணத்தை எங்கேயாவது காட்டியாக வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. நிலத்தை உன் அண்ணி பெயருக்கு எழுதியிருந்தால் அதன் வருமானத்தை என்னுடையதோடு சேர்த்துவிடுவார்கள். மனைவிக்குக் கொடுத்தால் சேர்ப்பார்கள், கூடப் பிறந்தவளுக்குக் கொடுத்தால் சேர்க்க மாட்டார்கள். சட்டம் அப்படி. நானா எழுதினேன்? அதனால்தான் 2018-இல் உனக்குத் தான செட்டில்மெண்ட். மண்டிப் பணம் உன் வங்கிக் கணக்கில் விளைச்சலாக ஏறுகிறது. அங்கிருந்து செக்கில் மண்டிக்குக் கடனாக வருகிறது. ஒரு சுற்று சுற்றி நம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. யாருக்கும் நஷ்டமில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். யார் கேட்டாலும் நிலம் என்னுடையது, வருமானம் என்னுடையது, கடன் கொடுத்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

சுபஸ்ரீயை நன்றாகப் படிக்கச் சொல்.

அண்ணன்
அன்புச்செல்வன்

*

வெள்ளிமலை
2.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். 30ஆம் தேதி சுபஸ்ரீ அப்பாவுக்கு முதல் வருட நினைவு நாள். ஜீப் டிரைவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். உங்களுக்கு மண்டியில் வேலை என்று அண்ணி சொல்லியனுப்பினார்கள்.

நோட்டீஸை மறுபடி படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஆய்வுக்கு எடுத்திருக்கும் கணக்கு தாக்கலான நாள் 31.7.2024. அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அவரை எடுத்துக்கொண்டு போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. நான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு நின்றிருந்தேன். பக்கத்து வீட்டு இருசம்மாள் போனைக் கொண்டுவந்து காதில் வைத்தாள். “இன்னிக்கித்தாம்மா கடைசி நாளு. ஆறு நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு” என்றீர்கள். ஓ.டி.பி.யைச் சொன்னேன். “சரி, அழுவாத” என்று வைத்துவிட்டீர்கள்.

மலைப்பாதை வளைவில் ஜீப் கவிழ்ந்தது 22ஆம் தேதி. சேலம் ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஆபரேஷனுக்கு ஒன்பது லட்சம் கேட்டார்கள். 25ஆம் தேதி உங்களிடம் வந்து நின்றேன். என் பெயரிலுள்ள கணக்கில் ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றீர்கள். இல்லாததை எப்படித் தருவீர்கள். இதைக் குறையாக எழுதவில்லை.

நீங்கள் சொன்னபடியே சொல்கிறேன். ஆனால் அதிகாரி குறுக்குக் கேள்வி கேட்டால் நான் தடுமாறக் கூடாது அல்லவா? செட்டில்மெண்ட் பத்திரம், வங்கி பாஸ்புக், கடன் உறுதிக் கடிதங்கள், இவற்றை அனுப்பினால் படித்து வைத்துக்கொள்வேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோகிலவாணி

*

சின்னசேலம்
9.8.2025

வாணிக்கு,

நலம். மழை இல்லாததால் சோளம் வரத்து கம்மி.

நீ கேட்டதெல்லாம் சந்தோஷ் கையில் அனுப்பியிருக்கிறேன். ஒரிஜினலே அனுப்பியிருக்கிறேன். மண்டிக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரன் தாளைக் கொடுத்தால் முதலில் படித்துவிட்டுத்தான் மிஷினில் வைப்பான். பத்திரம் 1, பாஸ்புக் 2, ஒவ்வொரு மார்ச்சுக்கும் நீயும் நானும் கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம் 7. கடைசிக் கடிதப்படி 31.3.2025-இல் கடன் பாக்கி ஒரு கோடியே நாற்பத்தாறு லட்சம். ஆடிட்டர் சொல்லித்தான் ‘வட்டியில்லாதது, கேட்டவுடன் திருப்பித் தரத்தக்கது’ என்று எழுதியிருக்கிறது. வட்டி போட்டால் அதற்கு உனக்கு வரி வரும். எல்லாம் உனக்காக யோசித்துச் செய்ததுதான்.

பழசைக் கிளறிக்கொண்டிருக்காதே. பகலவன் விதி அது. ஜீப்பை மெதுவாக ஓட்டச் சொல்லி நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

கேஸ் முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பு.

அன்புச்செல்வன்

*

வெள்ளிமலை
14.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். காட்டில் சாமை கதிர் விட்டிருக்கிறது. குளிர் முன்னதாகவே வந்துவிட்டது. அண்ணிக்கு மூட்டுவலி தேவலையா?

போன ஞாயிற்றுக்கிழமை மணலூர்பேட்டைக்குப் போய் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். எந்தப் பக்கம் கிணறு என்று அதிகாரி கேட்டால்கூடத் தெரியாது, அதனால். அய்யனாரும் லட்சுமியம்மாளும் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“யாரும்மா நீ, வரப்புல செருப்போட வந்துகினு?” என்றார் அய்யனார்.

பெயரைச் சொன்னேன். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

“நீங்கதான் கோகிலவாணியா? ரசீதுல உங்க பேர எழுதிக்கினு ஏழு வருசமா கைநாட்டு வெச்சிக்கினு கீறேன். இன்னாவோ பங்களாவுல ஏசி போட்டுக்கினு கீற அம்மான்னு நெனச்சேன்.”

லட்சுமியம்மாள் என் கையைப் பிடித்துப் பார்த்தார். “ஊசி குத்தின வெரலு. இதுவா மொதலாளி வெரலு?” என்று சிரித்தார்.

வருடத்துக்கு என்ன விளையும் என்று கேட்டேன். ஏழில் நாலு ஏக்கருக்குத்தான் தண்ணீர், செலவு போக நாலரை லட்சம் வந்தால் அதிகம் என்றார்கள். முப்பத்து நாலு லட்சம் என்று கணக்கில் இருப்பதைச் சொன்னேன்.

“முப்பத்தி நாலா? இங்க இன்னா குங்குமப்பூவா வெக்கறோம்?” என்றார் அய்யனார்.

பயப்பட வேண்டாம், இதை அதிகாரியிடம் சொல்லப் போவதில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

பத்திரத்தை மூன்று தடவை படித்தேன். ‘உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் அபிமானத்தினாலும்’ என்று தொடங்கி, ‘இன்று முதல் நீயே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, இதை எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை’ என்று முடிகிறது. நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

பாஸ்புக்கில் ஒரு சந்தேகம். இரண்டாவது புத்தகம், பதினான்காம் பக்கம். 24.7.2024 அன்று இருப்பு 11,42,310 ரூபாய். 26.7.2024 அன்று அதில் பதினொரு லட்சம் மண்டிக்குக் கடனாகப் போயிருக்கிறது. அதிகாரி கேட்டால் என்ன சொல்ல?

கோகிலவாணி

*

சின்னசேலம்
20.9.2025

வாணிக்கு,

நாங்கள் நலம்.

நிலத்துக்கெல்லாம் எதற்குப் போனாய்? குத்தகைக்காரனிடம் தொகையைச் சொல்லலாமா? அவன் சாராயக் கடை வாசலில் உட்கார்ந்து ஊருக்கே சொல்வான். இனிமேல் என்னைக் கேட்காமல் அங்கே போகாதே.

பதினான்காம் பக்கத்துக்குப் பதில் சுலபம். அந்த வாரம் ஒரு கோழித்தீவனக் கம்பெனிக்குச் சோளம் கொள்முதல் இருந்தது, மண்டிக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டது, தங்கை உதவினாள். அவ்வளவுதான். கேட்டால் அப்படியே சொல்.

அன்புச்செல்வன்

*

சின்னசேலம்
28.10.2025

அன்புத் தங்கை வாணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஐந்து வாரமாக ஒரு வரிகூட இல்லை. தீபாவளிக்குச் சந்தோஷிடம் பலகாரம் கொடுத்தனுப்பினேன். உள்ளே வரச் சொல்லி டீ கொடுத்தாயாம், கடிதம் ஒன்றும் கொடுக்கவில்லையாம்.

இருபத்திரண்டு கேள்விகள் கேட்டு ஆடிட்டரின் ஈமெயிலுக்கு இரண்டாவது நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆடிட்டர் பதில்களை எழுதி வைத்திருக்கிறார். விளைச்சல் ரசீது, உரக் கடை பில் எல்லாம் தயார். அவர் சொன்னது: விவசாய வருமானம் என்பதை ஏற்கவில்லை என்றால் அதைக் கணக்கில் வராத பணமாக எடுத்துக்கொண்டு நூற்றுக்கு எழுபத்தெட்டு வரி போடுவார்கள். உன் பெயரில்தான் போடுவார்கள். பயமுறுத்தவில்லை, தெரிந்துகொள். வருகிற ஏப்ரலில் புதுச் சட்டம் வேறு வருகிறது. பழைய சட்டமே ஆடிட்டருக்குப் பாதிதான் புரிகிறது.

நவம்பர் 18 அன்று வீடியோவில் உன்னை விசாரிப்பார்கள். மலையில் சிக்னலை நம்ப முடியாது. கள்ளக்குறிச்சிக்குப் போய்விடு. அங்கே ஆடிட்டருக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் மானம் உன் வாயில் இருக்கிறது. உடனே பதில் போடு.

அண்ணன்
அன்புச்செல்வன்

*

வெள்ளிமலை
22.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

நலம். காய்ச்சல் எதுவும் இல்லை, எழுத ஒன்றும் இருக்கவில்லை.

18ஆம் தேதி விசாரணை முப்பத்தைந்து நிமிடம் நடந்தது. அதிகாரியின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும். தமிழில்தான் கேட்டார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“நிலம் உங்களோடதா?”

“ஆமாங்க.”

“எப்படி வந்தது?”

“அண்ணன் குடுத்தாருங்க. அன்பினால.”

“அண்ணனுக்கும் இந்த நிலத்துக்கும் இப்ப ஏதாவது சம்பந்தம் இருக்கா?”

“இல்லைங்க. ரத்து செய்ய முடியாதுன்னு பத்திரத்துலயே இருக்குங்க.”

“மண்டிக்கு ஒண்ணே முக்கால் கோடி கிட்ட குடுத்திருக்கீங்களா?”

“இல்லைங்க. ஒரு கோடியே நாப்பத்தாறு.”

“வட்டி ஏன் வாங்கல?”

“அண்ணன்ங்க.”

“அசலையாவது திருப்பிக் கேப்பீங்களா?”

“கேப்பேங்க. என் பணம்தானே.”

விளைச்சல் பற்றிக் கேட்டதற்கெல்லாம் ஆடிட்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் படித்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீ குடித்தேன்.

பதினான்காம் பக்கத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

கோகிலவாணி

*

சின்னசேலம்
13.1.2026

அன்புத் தங்கைக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் கையால் சாப்பிட்டதில் வயிறும் மனமும் நிறைந்தது. நீ விசாரணையில் பேசியதை ஆடிட்டரிடம் படித்துக் காட்டினேன். “கேப்பேங்க, என் பணம்தானே” என்ற இடத்தில் மேஜையைத் தட்டிச் சிரித்தார். “சார், உங்க தங்கச்சி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்” என்றார்.

ஆனால் ஒன்று எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. பொங்கல் வரிசை வைத்துக் கொடுத்தேன். பித்தளைப் பானை, இருபத்தைந்து கிலோ பொன்னி, கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, புடவை, சுபஸ்ரீக்குச் சுடிதார், தாம்பாளத்தில் ஐயாயிரத்து ஒன்று. குறை வைத்தேனா? தாம்பாளத்தோடு இரண்டு தாளை நீட்டினேன். நிலத்தை என் பெயருக்குத் திருப்பி எழுதும் பத்திரத்தின் வரைவு, கடன் முழுவதும் வரவாகிவிட்டது என்ற ரசீது. நீ பானையை வாங்கி உள்ளே வைத்தாய், புடவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். தாளை மட்டும் “படிச்சிட்டுத் தரேண்ணா” என்றாய்.

“இன்னா படிக்கப் போற? கல்யாணத்தப்ப அப்பா நிலத்துல பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டியே, படிச்சா போட்ட?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

“அதாண்ணா” என்றாய்.

படித்தாகிவிட்டதா? மார்ச்சில் பாங்கியில் மண்டியின் கடன் வரம்பைப் புதுப்பிக்கிறார்கள். புத்தகத்தில் இவ்வளவு பெரிய கடன் நின்றால் மேனேஜர் கேள்வி கேட்கிறார். பிப்ரவரிக்குள் கையெழுத்து வேண்டும். நாள் சொல், கார் அனுப்புகிறேன்.

அனைவரும் சுகம். பொங்கலோ பொங்கல்.

அண்ணன்
அன்புச்செல்வன்

*

வெள்ளிமலை
2.3.2026

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நானும் சுபஸ்ரீயும் நலம்.

இரண்டு தாள்களையும் படித்தேன். கையெழுத்துப் போடவில்லை. கள்ளக்குறிச்சியில் வக்கீல் கலையரசி என்ற அம்மாவிடமும் காட்டினேன். அவர் என் பெயரில் அனுப்பிய நோட்டீஸ் பிப்ரவரி 28, சனிக்கிழமை, உங்கள் மண்டியில் கையெழுத்திட்டு வாங்கப்பட்டதாகத் தபால் இணையதளம் காட்டுகிறது. நீங்கள் அதைப் பிரிக்காமல் ஆடிட்டரிடம் கொடுத்திருக்கலாம், அதனால் நானே சொல்கிறேன். மண்டிக்கு நான் கொடுத்த கடன் ஒரு கோடியே நாற்பத்தாறு லட்சத்தை முப்பது நாளில் திருப்பித் தர வேண்டும். ஏழு உறுதிக் கடிதங்களிலும் உங்கள் கையெழுத்தும் மண்டி முத்திரையும் இருக்கின்றன. ஏழிலும் கேட்டவுடன் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கிறேன்.

வங்கியில் போன் நம்பரை என்னுடையதாக மாற்றினேன். உங்களிடமிருக்கும் செக் புத்தகம் பிப்ரவரி 20 முதல் செல்லாது. நிலத்தை அய்யனாருக்கும் லட்சுமியம்மாளுக்கும் ஐந்து வருடக் குத்தகைக்கு எழுதிப் பதிவு செய்துவிட்டேன். அவர்கள் கையில் ஒரு பத்திரம் இருப்பது இதுதான் முதல் தடவை. “இதுல நெசமாலுமே எம்பேருதான் கீதா?” என்று அய்யனார் ரெஜிஸ்தர் ஆபீஸ் கிளார்க்கை மூன்று தடவை படித்துக் காட்டச் சொன்னார்.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். 25.7.2024, வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. மண்டியில் எடைத் தட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஒன்பது லட்சம் கேட்டேன். “அந்தக் கணக்குல ஒண்ணுமே இல்லம்மா” என்றீர்கள். நிலத்தை அடகு வைக்கலாமா என்றேன். “உம்பேர்ல கீறதெல்லாம் உன்னுதுன்னு நெனச்சிக்கினியா?” என்று கேட்டீர்கள். எடை போடுகிறவர்கள் சிரித்தார்கள். அந்த நேரத்தில் என் கணக்கில் 11,42,310 ரூபாய் இருந்தது. மறுநாள் காலை அது சோளமாகிவிட்டது. ஐந்தாவது நாள் அவர் இறந்தார்.

அந்தப் பணம் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டாக்டரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ‘பணம் கட்டாததால் இரண்டாவது அறுவை சிகிச்சை ஒத்திவைக்கப்பட்டது’ என்று மட்டும் ஆஸ்பத்திரித் தாளில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

அண்ணி, சந்தோஷ் நலத்துக்கு எழுதவும்.

கோகிலவாணி

*

சின்னசேலம்
9.3.2026

வாணி,

நீ எழுதியதுதானா இது? இல்லை, அந்த வக்கீலம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினாயா?

எனக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து. உன் அண்ணி தேவிப்ரியா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பேசியதும் ஒரே பேச்சுதான்: “வருசா வருசம் தாம்பாளம் தூக்கிக்கினு மலையேறினியே, அவ உனக்கு வரிசை அனுப்பிக்கிறா, வாங்கிக்கோ.”

ஒன்று கேட்கிறேன், உனக்கு மனசாட்சி இருந்தால் சொல். அது உன் பணமா? நீ ஒரு மூட்டை சோளம் தூக்கியிருப்பாயா? ஒரு கோடியே நாற்பத்தாறு லட்சம் தருவதற்கு மண்டியை விற்க வேண்டும். பாங்கி மேனேஜருக்கு உன் நோட்டீஸ் விஷயம் எப்படியோ தெரிந்து வரம்பை நிறுத்தி வைத்துவிட்டார். சோளக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

நான் கோர்ட்டுக்குப் போவேன். நிலம் என்னுடையது, பணம் என்னுடையது, தங்கை பெயர் சும்மா போட்டது என்று சொல்வேன். நீயும் என்னோடு சேர்ந்து மாட்டுவாய்.

அப்படியெல்லாம் வேண்டாம் என்றுதான் எனக்கும் ஆசை. அன்று ஏதோ கோபத்தில் பேசிவிட்டேன். பகலவன் அவ்வளவு மோசமாக இருந்தது எனக்குத் தெரியாது. அந்த ஒன்பது லட்சத்தை நாளைக்கே தருகிறேன். ரொக்கமாகவே தருகிறேன். சுபஸ்ரீ கல்யாணத்தையும் நானே நடத்துகிறேன். நோட்டீஸை வாபஸ் வாங்கு. உனக்கு என்னதான் வேண்டும்?

அண்ணன்

*

வெள்ளிமலை
16.3.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சர்க்கரை அளவு கவலை தருகிறது. மாத்திரையை விடாதீர்கள். நாங்கள் நலம். சுபஸ்ரீக்குத் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது.

ஒன்பது லட்சம் வேண்டாம். அது 2024 ஜூலை 25 அன்று எனக்குத் தேவைப்பட்ட தொகை. இன்று அதை வைத்து நான் செய்ய ஒன்றுமில்லை.

அவர் மோசமாக இருந்தது தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று ஸ்கேன் படத்தை உங்கள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தீர்கள்.

கோர்ட்டுக்குப் போவதைப் பற்றி: வக்கீலிடம் கேட்டேன், நீங்களும் கேளுங்கள். அடுத்தவர் பெயரில் வைத்த சொத்து உண்மையில் என்னுடையது என்று வழக்குப் போட்டு வாங்கச் சட்டத்தில் வழி இல்லை. அப்படிச் சொன்னால் சொத்து அரசாங்கத்துக்குப் போகும். சொன்னவருக்கு ஒரு வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை. பெயர் கொடுத்தவளுக்கும் அதுவேதான். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டேன். சுபஸ்ரீயை இருசம்மாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் அடுப்பில் போடச் சொன்ன கடிதம் வக்கீலம்மாவின் பீரோவில் இருக்கிறது. நீங்கள் அது தங்கையுடையது என்று சொல்கிற வரை நானும் என்னுடையது என்றே சொல்வேன். நீங்கள் மாற்றினால் நானும் மாற்றுவேன்.

என்ன வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எடைத் தட்டுக்குப் பக்கத்தில், அன்று இருந்த அத்தனை பேர் முன்னாலும், என் பெயரில் இருப்பது யாருடையது என்று நீங்கள் உரக்கச் சொல்ல வேண்டும் என்று முதலில் நினைத்தேன். இப்போது அதுவும் வேண்டாம். மண்டி விற்கிற அன்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இன்றைய நிலவரம் இதுதான். வருமான வரி ஆணை இன்னும் வரவில்லை, மார்ச் 31, செவ்வாய்க்கிழமைக்குள் வந்தாக வேண்டும். விளைச்சலை அதிகாரி ஏற்றுக்கொண்டால் பணம் முழுவதும் சட்டப்படி என்னுடையது, கடனும் என்னுடையது. ஏற்காவிட்டால் நாலரை லட்சம் போக மீதிக்கு என் பெயரில் வரி வரும். வக்கீலம்மா போட்ட கணக்கில் இருபத்து மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். அதையும் உங்களிடமிருந்து வரும் கடனில்தான் கட்டுவேன். நோட்டீஸின் முப்பது நாள் கெடு மார்ச் 30, திங்கட்கிழமை முடிகிறது. கடனை வசூலிக்கும் வழக்குக்கு மனு தயாராக இருக்கிறது, ஏப்ரல் முதல் வாரம் தாக்கலாகும்.

அண்ணிக்கு என் வணக்கம். எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. 30ஆம் தேதிக்குள் வங்கியில் கட்டினால் போதும், கணக்கு எண் உங்களுக்கே தெரியும்.

பா. கோகிலவாணி